நாலு டிகிரி நீரில் முதலில் கற்க வேண்டியது

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் டோபர்மரி என்று ஒரு சிற்றூர். அதன் பிக் டப் குடாவில் 1885-லிருந்து ஒரு கப்பல் நீருக்கடியில் அமர்ந்திருக்கிறது. பெயர் ஸ்வீப்ஸ்டேக்ஸ். 1867-ல் பர்லிங்டனில் கட்டிய இரட்டைப் பாய்மரக் கப்பல். கோவ் தீவருகே அடிபட்டதை இந்தக் குடாவுக்கு இழுத்துவந்தார்கள். ஏற்றிவந்த நிலக்கரியை இறக்கினார்கள். கப்பல் இங்கேயே மூழ்கிவிட்டது. ஆழம் ஆறேழு மீட்டர்தான். சுற்றுலாப் படகில் மேலே போகிறவர்களுக்கே அதன் பலகைகள் தெரியும்.

நான் தூத்துக்குடிக்காரி. தோணிகளைப் பார்த்து வளர்ந்தவள். உப்புநீரில் கிடக்கும் மரத்தை மரந்துளைப் புழு என்ன பாடு படுத்தும் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கவனிக்காமல் விட்ட தோணியின் அடிப்பலகை சில ஆண்டுகளில் சல்லடையாகிவிடும். இங்கேயோ நூற்று நாற்பது ஆண்டுகளாக ஒரு மரக்கப்பல் உருவம் குலையாமல் கிடக்கிறது. காரணம் இரண்டு. டோபர்மரியைச் சூழ்ந்திருக்கும் ஹூரான் ஏரியும் ஜார்ஜியன் விரிகுடாவும் நன்னீர். அந்தப் புழு நன்னீரில் வாழாது. அடுத்தது குளிர். குளிரில் மரத்தை மட்கச் செய்யும் உயிர்கள் மிக மெதுவாகத்தான் வேலை செய்யும். எந்தக் குளிர் அந்த மரத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறதோ, அதே குளிரில் இறங்கினால்தான் அதைக் கிட்டே போய்ப் பார்க்க முடியும். அதற்காகத்தான் டிரைசூட் என்னும், நீர் உள்ளே புகாத முக்குளிப்பு உடையைப் பழகினேன். பழக நினைப்பவர்களுக்கு உதவும் என்று எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதுகிறேன்.

நான் ஸ்கூபா கற்றது அந்தமானின் ஹேவ்லாக் தீவில். இப்போது அதன் பெயர் ஸ்வராஜ் தீவு. அங்கே நீர் 28 டிகிரி. மெல்லிய வெட்சூட் ஒன்றைப் போட்டுக்கொண்டு மணிக்கணக்கில் இருக்கலாம். அந்தப் பழக்கத்தோடு இந்த ஏரிக்கு வருகிறவர்கள் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஆகஸ்ட் மாதம் இங்கே மேல்நீர் 18, 20 டிகிரி வரை ஏறும். குழந்தைகள் கரையோரம் குளிப்பார்கள். ஆனால் அந்த வெதுவெதுப்பு ஒரு மேற்போர்வைதான். கீழே இறங்கினால் ஓரிடத்தில் நீர் எண்ணெய் கலந்தாற்போல் நெளிந்து தெரியும். அந்தக் கோட்டைத் தாண்டியதும் சட்டென்று குளிர். நன்னீர் ஏறக்குறைய 4 டிகிரியில்தான் அதிக அடர்த்தியாக இருக்கும். அதனால் 4 டிகிரி நீர் அடியில் தங்கிவிடும். வெயிலில் சூடான நீர் லேசாகி மேலேயே நிற்கும். கோடை முழுவதும் இரண்டும் அதிகம் கலப்பதில்லை. முப்பது மீட்டரில் கிடக்கும் கப்பலுக்கு ஆகஸ்டும் மே மாதமும் ஏறக்குறைய ஒன்றுதான். போதாததற்கு, காற்று திசை மாறி மேல்நீரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டால் அடிநீர் கரைக்கே ஏறி வந்துவிடும். நேற்று 18 இருந்த இடத்தில் இன்று 8 இருக்கும்.

நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடற்சூட்டைக் கடத்திக்கொண்டு போகும். வெட்சூட் உடலை நனைய விடுகிறது. உள்ளே புகுந்த கொஞ்சம் நீரை உடம்பே சூடாக்கி வைத்திருக்கிறது. அதன் ரப்பருக்குள் இருக்கும் காற்றுக் குமிழிகள்தான் குளிரைத் தடுக்கின்றன. ஆழம் போகப் போக அந்தக் குமிழிகள் நசுங்கும். குளிர் அதிகமாகும் இடத்திலேயே உடை மெலிந்துபோகும். டிரைசூட் வேறு வழியில் வேலை செய்கிறது. கழுத்திலும் மணிக்கட்டிலும் நீர் புகாமல் அடைத்து, உள்ளே உலர்ந்த ஆடை உடுத்தி, அந்த ஆடைக்குள் காற்றைத் தக்கவைத்துக் கொள்கிறோம். குளிரைத் தடுப்பது அந்தக் காற்று. சூட் என்கிற வெளி உடையின் வேலை நீரை வெளியே நிறுத்துவது மட்டுமே.

இதைச் சரியாகப் புரிந்துகொண்டால் எதற்குப் பணம் செலவழிக்க வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும். கடைகளில் வெளி உடையின் பெயரையும் நிறத்தையும் பற்றித்தான் பேசுவார்கள். டிரைலாமினேட் என்பது இரண்டு துணி அடுக்குகளுக்கு நடுவே பியூட்டைல் ரப்பர் வைத்தது. லேசானது, சீக்கிரம் காயும், தானாகச் சூடு தராது. நசுக்கிய நியோபிரீன் என்னும் நுரை ரப்பரில் செய்தது கனமானது. உடம்போடு ஒட்டி நிற்கும். கொஞ்சம் சூடு தரும். இரண்டும் நல்லவையே. நான் டிரைலாமினேட் வைத்திருக்கிறேன். ஏரியில் ஒரே நாளில் இரண்டு முறை இறங்குகிறவர்களுக்கு அது சீக்கிரம் காய்வது பெரிய வசதி. ஆனால் என்னைக் கேட்டால், முதலில் காசு போட வேண்டியது உள்ளாடைக்குத்தான். தோலை ஒட்டி மெரினோ கம்பளி, அதன்மேல் தின்சுலேட் போன்ற திணிப்பு வைத்த முழு உடுப்பு. தின்சுலேட் கொஞ்சம் ஈரமானாலும் வெப்பத்தைக் கைவிடாது. அதனால்தான் அதற்கு இவ்வளவு மதிப்பு. பருத்தி மட்டும் வேண்டவே வேண்டாம். பருத்தி பனியன் வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். அரைமணி நேரத்தில் அந்த ஈரமே உடம்பைக் குளிரச் செய்யும். கால்களுக்கு இரட்டைக் கம்பளிக் காலுறை. காலுறை தடித்தால் பூட்ஸ் பெரிதாகும், பூட்ஸ் பெரிதானால் துடுப்பும் பெரிதாக வேண்டும் என்பதையும் கடையிலேயே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சூட்டை வாங்குவதற்கு முன் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். உள்ளாடையோடு போட்டு, முழங்காலில் உட்கார்ந்து பாருங்கள்; இரண்டு கைகளையும் மார்புக்குக் குறுக்கே கட்டிப் பாருங்கள்; தலைக்குப் பின்னால் கையை நீட்டி சிலிண்டர் வால்வு இருக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். தொட முடியவில்லை என்றால் அந்த சூட் உங்களுக்கு வேண்டாம். அதேபோல் இடுப்பிலும் காலிலும் தொளதொளவென்று இருந்தாலும் வேண்டாம். அந்தத் தொளதொளப்பில்தான் வேண்டாத காற்று போய் உட்காரும். என்னைப் போல் ஐந்தடியைச் சற்றுத் தாண்டிய பெண்களுக்கு ஆண்களுக்கான அளவுகள் ஒருபோதும் பொருந்தாது. அளவெடுத்துத் தைப்பதற்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணம் வீண்போகாது.

அடுத்தது கழுத்து. நீரில் இறங்குவதற்கு முன்பே பலரையும் பயமுறுத்துவது இதுதான். லேடெக்ஸ் என்னும் ரப்பர் வளையம் கழுத்தைப் பிடித்துக்கொண்டதும் மூச்சு முட்டுவதுபோல் இருக்கும். உண்மையில் மூச்சு முட்டவில்லை. பழக்கமில்லாததால் அப்படித் தோன்றுகிறது. வீட்டில் போட்டுக்கொண்டு பத்து நிமிடம் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தால் அந்த எண்ணம் போய்விடும். ஆனால் தலை சுற்றினாலோ, கண் இருண்டாலோ உடனே கழற்றிவிட வேண்டும். கழுத்தின் இரு பக்கமும் மூளைக்குப் போகும் பெரிய இரத்தக் குழாய்கள் இருக்கின்றன. அங்கே அழுத்தம் கூடினால் உடல் அதை இரத்த அழுத்தம் உயர்ந்ததாக எண்ணி இதயத் துடிப்பைக் குறைத்துவிடும். நீருக்கடியில் இது விளையாட்டல்ல. புதிய லேடெக்ஸ் வளையம் கூம்பு வடிவில் வரும். அதில் கோடுகள் இருக்கும். ஒரு சமயத்தில் ஒரு கோடு மட்டும், கூர்மையான கத்தரியால், பிசிறில்லாமல் வெட்ட வேண்டும். பிசிறு இருந்தால் அங்கிருந்துதான் கிழியத் தொடங்கும்.

நம் ஊர்ப் பெண்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். தலைக்குத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு லேடெக்ஸ் கழுத்துக்குள் தலையை நுழைக்காதீர்கள். எண்ணெய் இயற்கை ரப்பரை அரித்துவிடும். எண்ணெய்க் குளியலை முக்குளிப்பு இல்லாத வாரத்துக்குத் தள்ளிவையுங்கள். வாசனைப் பவுடரும் கூடாது; வாசனை சேர்க்காத வெறும் டால்க் போதும். கம்மல், மோதிரம், வளையல் எல்லாம் கழற்றி வண்டியில் வைத்துவிட்டு வாருங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். கழுத்தில் ஓர் இழை முடி மாட்டிக்கொண்டாலும் அதன் வழியாக நீர் கசியும். ஆகவே கூந்தலை இறுகப் பின்னி, மெல்லிய துணித்தொப்பி ஒன்றைப் போட்டு, அதன்மேல் வளையத்தை விரித்து நுழைப்பதுதான் நல்ல வழி. மேலே 7 மில்லிமீட்டர் நியோபிரீன் தலைக்கவசம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது.

டிரைசூட் என்றதும் எல்லாரும் கேட்பது "உள்ளே தண்ணீர் புகுந்தால் மூழ்கிவிடுவோமா?" என்றுதான். தூத்துக்குடியிலிருந்து அம்மாவும் தொலைபேசியில் அதைத்தான் கேட்டார்: "ஏம்மா, அந்த ஐஸ் தண்ணீர் சட்டைக்குள் புகுந்துவிட்டால் என்ன செய்வாய்?" நீர் புகுந்தால் குளிரும், மிதப்பு குறையும். மிதப்பை மீட்டுக்கொள்ள பி.சி.டி. என்கிற மிதவைச் சட்டை இருக்கிறது. உள்ளே இருக்கும் நீருக்கு வெளியே இருக்கும் நீரின் எடைதான். அது உங்களைக் கீழே இழுக்காது. கரையேறும்போதுதான் கனக்கும். முக்குளிப்பை முடித்துக்கொண்டு மேலே வந்துவிடலாம். அது தொல்லைதான், பேராபத்து அல்ல. உண்மையில் அஞ்ச வேண்டியது உள்ளே இருக்கும் காற்றை. காற்றை உள்ளே விடுவது எப்படி என்று ஒரு நிமிடத்தில் கற்றுக்கொள்ளலாம். காற்றை வெளியே விடுவது எப்படி என்பதுதான் முழுப் பாடமும்.

நெஞ்சில் ஒரு பொத்தான். சிலிண்டரிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று அதற்கு வருகிறது. இடது மேற்கையில் திருகு வைத்த வெளியேற்று வால்வு. இறங்கத் தொடங்கி மூன்று மீட்டர் போவதற்குள் சூட் உடம்பை நாலு பக்கமும் இறுக்கத் தொடங்கும். பத்து மீட்டரில் அழுத்தம் இரட்டிப்பாகும். உள்ளே இருந்த காற்று பாதியாகிவிடும். காற்றுச் சேர்க்காவிட்டால் துணி மடிப்புகள் தோலைக் கிள்ளிச் சிவந்த கோடுகள் விழும். உள்ளாடை நசுங்கி, குளிர் நேராக உடம்புக்கு வரும். ஆகவே பொத்தானைச் சிறுகச் சிறுக அழுத்த வேண்டும். நீண்ட அழுத்தலாக அல்ல, விட்டுவிட்டு. உள்ளே காற்று பரவியதும் இறுக்கம் தளர்ந்து உடம்பில் சூடு திரும்புவதை உணரலாம். இதுவரை சுலபம்.

மேலே வரும்போது அந்தக் காற்றே விரியும். முப்பது மீட்டரிலிருந்து இருபதுக்கு வரும்போது மூன்றில் ஒரு பங்குதான் கூடும். பத்து மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வரும்போது இரண்டு மடங்காகும். அதாவது கடைசிப் பத்து மீட்டர்தான் கடினம். ஆழத்தை நினைத்துப் பயப்படுகிறவர்கள், ஆழமில்லாத இடத்தில்தான் டிரைசூட் அடங்காமல் போகும் என்பதை மறந்துவிடுகிறார்கள். காற்றை வெளியேற்றாமல் இருந்தால் சூட் உங்களைத் தூக்கிக்கொண்டு போகும். மேலே போகப் போக இன்னும் விரியும், இன்னும் வேகமாகத் தூக்கும். அப்படிக் கட்டுப்பாடில்லாமல் ஏறுவதுதான் நுரையீரல் காயத்துக்கும், உடலில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகும் அழுத்தநீக்க நோய்க்கும் வழி.

சூட்டுக்குள் காற்று எப்படி நகரும் என்று புரிய, கொத்தனாரின் ரசமட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த முனை உயர்ந்திருக்கிறதோ அங்கே குமிழி ஓடும். நீங்கள் கிடைமட்டமாக நீந்தும்போது முதுகு முழுவதும் காற்று பரவியிருக்கும். தலை உயர்ந்தால் தோளுக்கு வரும். கால் உயர்ந்தால் காலுக்கு ஓடும். வெளியேற்று வால்வு இடது கையில் இருக்கிறது; அந்த இடம் மற்ற எல்லாவற்றையும்விட உயரமாக இருந்தால்தான் காற்று வெளியேறும். ஆகவே உடம்பைச் சற்று நிமிர்த்தி, இடது முழங்கையை உயர்த்தி, உள்ளங்கை கீழ்நோக்க வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். கையை நேராக மேலே நீட்டுகிறவர்கள் உண்டு. அப்படி நீட்டினால் காற்று மணிக்கட்டு வரை ஓடி, அங்கே லேடெக்ஸ் வழியாகக் கசியலாம்; உள்ளே நீரும் வரலாம். முழங்கைதான் உயர வேண்டும், விரல் நுனி அல்ல. காற்று வால்வை அடைந்ததும் சர்ரென்று குமிழிகள் போகும் சத்தம் காதருகே கேட்கும். அதைக் கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். வால்வை முழுவதும் திறந்து வைத்து, ஏறும்போது கையை உயர்த்துவதாலும் தாழ்த்துவதாலுமே காற்றைக் கட்டுப்படுத்தும் நிலைக்கு வந்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

காலுக்குக் காற்று ஓடிவிட்டால் என்ன செய்வது? பயிற்சிக் குளத்தில் இதை வேண்டுமென்றே செய்ய வைப்பார்கள். என்னோடு பயின்ற இளைஞர் ஒருவர் நல்ல நீச்சல்காரர். கால் பலூனாகித் தலைகீழாகத் தொங்கியபோது, அவர் பழக்கத்தினால் கையால் நீரை அளைந்து நிமிரப் பார்த்தார். அது வேலை செய்யாது. முழங்காலை நெஞ்சோடு மடக்கி, பந்துபோல் சுருண்டு, துடுப்பால் ஒரு வலுவான உதை கொடுத்து உருள வேண்டும். தலை மேலே வந்ததும் காற்றும் மேலே வரும். அப்போதே இடது முழங்கையை உயர்த்திவிட வேண்டும். இரண்டாம் முறை அவர் அழகாக உருண்டு நிமிர்ந்தார். குளத்தில் இதை உடம்புக்குப் பழக்கமாகும் வரை செய்யுங்கள். வகுப்பில் ஒரு முறை செய்து காட்டினால் போதும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவசரத்தில் யோசித்து இதைச் செய்ய முடியாது. உடம்பு தானாகச் செய்ய வேண்டும்.

இன்னொரு பயிற்சியும் இருக்கிறது: காற்றை உள்ளே விடும் நெஞ்சுப் பொத்தான் உறைந்தோ சிக்கியோ திறந்தே நின்றுவிட்டால், குழாயையே பிடுங்கிவிட வேண்டும். தடித்த கையுறை போட்ட விரல்களால் அந்த இணைப்பைக் கழற்றப் பழகுங்கள். வெறுங்கையால் கழற்றத் தெரிந்திருப்பது இங்கே எதற்கும் உதவாது. சூட்டில் காற்று விடுவதா, மிதவைச் சட்டையில் விடுவதா என்று பயிற்சியாளர்களிடையே இரண்டு கட்சிகள் உண்டு. தொடக்கத்தில் சூட் ஒன்றையே பயன்படுத்தினால் கவனிக்க வேண்டியது ஒன்றுதான் என்பது ஒரு கட்சி. சூட்டில் இறுக்கம் தீரும் அளவுக்கு மட்டும், மீதி மிதவைச் சட்டையில் என்பது மற்றது. நான் இரண்டாவது கட்சி. சூட்டில் காற்று எவ்வளவு குறைவோ அவ்வளவு குறைவாகவே அது ஓடியாடும்.

அப்படிக் காற்றைக் குறைவாக வைத்திருக்க எடை சரியாக இருக்க வேண்டும். தடித்த உள்ளாடை மிதக்கும். ஆகவே வெப்பக்கடலில் கட்டியதைவிடப் பல கிலோ கூடுதலாகக் கட்ட வேண்டியிருக்கும். ஏரி நன்னீர் என்பதால் கடலைவிடக் கொஞ்சம் குறையும். பயத்தில் கூடுதலாகக் கட்டிக்கொண்டால், அதை ஈடுகட்டக் கூடுதல் காற்று விட வேண்டும். அந்தக் காற்றே பிறகு தொல்லை தரும். எடையைச் சோதிக்க ஏற்ற நேரம் முக்குளிப்பின் முடிவு. சிலிண்டரில் 50 பார் அழுத்தக் காற்று மிச்சம் இருக்கும்போது, நாலைந்து மீட்டரில், சூட்டிலும் மிதவைச் சட்டையிலும் ஏறக்குறையக் காற்றில்லாமல் அசையாமல் நிற்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் அதுதான் உங்கள் எடை. அலுமினிய சிலிண்டர் காலியாகக் காலியாக மேலே இழுக்கும். இரும்பு சிலிண்டர் அப்படிச் செய்யாது. இங்கே பலரும் இரும்பையே விரும்புவதற்கு அதுதான் காரணம்.

சிலிண்டர் காற்றை மூச்சுக்கு ஏற்றபடி இறக்கித் தரும் ரெகுலேட்டர் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிலிண்டரில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்று, அதன் முதற்கட்டம் என்னும் உறுப்பில் பத்துப் பார் அளவுக்கு இறங்குகிறது. அப்படிச் சட்டென்று விரியும் காற்று கடுமையாகக் குளிரும். சுற்றியுள்ள நீர் 4 டிகிரி என்றால் உறைவதற்கு அதிக தூரமில்லை. அதிலும் கடல்நீரைவிட நன்னீர் சீக்கிரம் உறையும். பனி பிடித்தால் வால்வு திறந்தபடியே நின்று, வாயில் காற்று கொட்டிக்கொண்டே இருக்கும். ஐரோப்பியத் தரவிதியான இ.என். 250 பத்து டிகிரிக்குக் கீழே இருப்பதைக் குளிர்நீர் என்கிறது; அதற்கான ரெகுலேட்டர்களை 4 டிகிரியில் சோதிக்கிறார்கள். அந்தமானில் வாடகைக்குக் கிடைத்த வகை இங்கே ஆகாது. நீர் உள்ளே புகாதபடி முதற்கட்டம் அடைக்கப்பட்டதாக இருக்க வேண்டும். நல்ல கருவி இருந்தாலும் சில பழக்கங்கள் வேண்டும். குளிர்ந்த வெளிக்காற்றில் ரெகுலேட்டரை வாயில் வைத்து மூச்சுவிட்டுச் சோதிக்காதீர்கள். உங்கள் மூச்சின் ஈரம் உள்ளே பனியாகும். நீருக்குள் தலை போன பிறகு மூச்சு விடுங்கள். மூச்சிழுக்கும் அதே நொடியில் சூட்டுப் பொத்தானையும் அழுத்தாதீர்கள். காற்று கொட்டத் தொடங்கிவிட்டால் அதிலிருந்தே உறிஞ்சிக்கொண்டு, கூட முக்குளிக்கும் துணைவரைத் தொட்டுக் காட்டி, இருவரும் சேர்ந்து நிதானமாக ஏற வேண்டும். இதையும் குளத்தில் பழகலாம்.

என் முதல் ஏரி இறக்கம் ஒரு மே மாதத்தில் டங்க்ஸ் பே என்னும் விரிகுடாவில். மணற்கரையிலிருந்து நடந்தே இறங்கலாம். மேல்நீரே 5 டிகிரி. முகம் மட்டும்தான் நனைகிறது. ஆனால் அந்த முதல் நிமிடத்தில் நெற்றி நரம்புகள் எல்லாம் சேர்ந்து வலிக்கும். உதடு மரத்துப்போகும். அசையாமல் நின்று மெதுவாக மூச்சு விட்டால் இரண்டு நிமிடத்தில் அந்த வலி அடங்கிவிடும். அது அடங்கும் வரை ஆழத்துக்குப் போகக் கூடாது என்று என் பயிற்சியாளர் கண்டிப்பாக இருந்தார். அதை நான் இன்றுவரை கடைப்பிடிக்கிறேன். அதன் பிறகு நீர் எவ்வளவு தெளிவு! டோபர்மரி இருக்கும் புரூஸ் தீபகற்பம் சுண்ணப் பாறை. ஆறுகள் கொண்டுவரும் சேறு குறைவு. 1980-களின் கடைசியில் பேரேரிகளுக்குள் வந்த வரிச்சிப்பிகள் நீரை வடிகட்டி இன்னும் தெளிவாக்கிவிட்டன. அவை கப்பல் பலகைகளை மூடிக்கொள்வதும் ஏரியின் உணவுச் சங்கிலியைக் குலைப்பதும் வருத்தத்துக்குரியவை. அந்தத் தெளிவை அவற்றை நினைக்காமல் என்னால் ரசிக்க முடிவதில்லை.

உடம்பு சூடாக இருந்தது. கையுறைக்குள் நீர் புகும் வகைதான் அன்று போட்டிருந்தேன். கடைசியில் விரல்கள்தான் முதலில் சொல் கேட்காமல் போயின. விரல் மரத்தால் கொக்கியைக் கழற்ற முடியாது, அழுத்தமானியைத் திருப்ப முடியாது, வால்வைத் தொட்டாலும் தொட்டது தெரியாது. ஆகவே உடம்பு நடுங்கும் வரை காத்திருக்காமல், விரல் வேலை செய்யாத அந்த நேரமே திரும்பும் நேரம் என்று துணைவரோடு முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. பிறகு நான் வளையம் வைத்த உலர் கையுறைக்கு மாறிவிட்டேன். உள்ளே கம்பளிக் கையுறை. மணிக்கட்டு வளையத்துக்கு அடியில் சிறு நூல் ஒன்றை விட்டால் சூட்டின் காற்று கைக்கும் போகும்.

குளிருக்கும் அழுத்தநீக்க நோய்க்கும் உள்ள தொடர்பை அமெரிக்கக் கடற்படையின் சோதனை முக்குளிப்புப் பிரிவு ஆராய்ந்து 2007-ல் அறிக்கை வெளியிட்டது. அடியில் உடம்பு சூடாக இருந்து, ஏறும்போது குளிர்ந்தால் ஆபத்து கூடுகிறது என்பது அதன் முடிவு. வெப்பத்தில் இரத்த ஓட்டம் நன்றாக இருந்து நைட்ரஜன் அதிகம் ஏறுகிறது. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி அது வெளியேறத் தாமதமாகிறது. பேட்டரியில் இயங்கும் சூடேற்றும் சட்டை வாங்க நினைப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். அது அடியில் வேலை செய்து, ஏறும்போது தீர்ந்துபோனால் இருப்பதிலேயே மோசமான நிலை. டோபர்மரியில் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் இயற்கையே உதவுகிறது: ஏறும் வழியில் ஐந்து மீட்டரில் சற்று நிற்கும் பாதுகாப்பு நிறுத்தம் வெதுவெதுப்பான மேல்நீரில் அமையும். மே மாதத்தில் அந்த உதவி கிடையாது. அதனால் வசந்தத்தில் ஆழத்தையும் நேரத்தையும் குறைத்துக்கொள்ளுங்கள்.

டொராண்டோவிலிருந்து காரில் நாலு மணி நேரம். 6-ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்கே வந்தால் சாலை படகுத்துறையில் முடியும். முக்குளிக்கும் பகுதி ஃபாதம் ஃபைவ் தேசியக் கடல் பூங்காவுக்குள் வருகிறது. 1987-லிருந்து அது மத்திய அரசின் பாதுகாப்பில் இருக்கிறது. பூங்கா அலுவலகத்தில் பதிவு செய்துகொண்டுதான் இறங்க வேண்டும். கப்பல்களிலிருந்து ஓர் ஆணியைக்கூட எடுக்கக் கூடாது. இதை நான் மனப்பூர்வமாக ஆதரிக்கிறேன். டிரைசூட் புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஊருக்கு நடுவே லிட்டில் டப் துறையில் கிடக்கும் சிறு இழுவைப் படகுகளைத்தான் பரிந்துரைப்பேன். ஆழம் குறைவு, கரையிலிருந்து இறங்கலாம், கொதிகலனும் படகை உந்தும் விசிறியும் கண்ணெதிரே. அதன் பிறகு 1901-ல் புயலில் அகப்பட்டு ரஸல் தீவருகே உடைந்த வெட்மோர் என்னும் நீராவிக் கப்பல். 1884-ல் மூழ்கிய அரேபியா என்னும் கப்பல் பார்ப்பதற்கு மிக அழகானது என்பார்கள். ஆனால் முப்பது மீட்டருக்கும் கீழே, இருட்டில், 4 டிகிரியில் இருக்கிறது. அங்கே முக்குளித்தவர்கள் பலர் இறந்திருக்கிறார்கள். டிரைசூட் எடுத்த முதல் ஆண்டில் அதைப் பற்றி நினைக்கக் கூடாது.

கரையேறியதும் நன்னீரில் அலசி, உள்ளும் புறமும் நிழலில் காயவையுங்கள். பித்தளை ஜிப் என்றால் பாரஃபின் மெழுகைப் பல்லின் வெளிப்பக்கம் மட்டும் தடவுங்கள். பிளாஸ்டிக் ஜிப் என்றால் அதற்குரிய கிரீஸை முடிவுப் பகுதியில் மட்டும். ஜிப்பை ஒருபோதும் மடித்து வைக்காதீர்கள். சூட்டில் விலை உயர்ந்த உறுப்பு அதுதான். வண்டியில் ஃபிளாஸ்க்கில் சூடான மிளகு ரசம் வைத்திருங்கள். என் துணைவர், இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர், இப்போது ரசம் இல்லாமல் கிளம்ப மறுக்கிறார்.

செப்டம்பரில் நயாகரா இரண்டாம் கப்பலுக்குப் படகில் இடம் பதிவு செய்திருக்கிறேன். முக்குளிக்கிறவர்களுக்காகவே 1999-ல் மூழ்கடித்த இரும்புக் கப்பல் அது. ஏறக்குறைய முப்பது மீட்டர். அதற்கு முன் மணிக்கட்டு லேடெக்ஸ் இரண்டையும் மாற்ற வேண்டும். இடது பக்கத்தில் விரலால் இழுத்தால் மெல்லிய வெடிப்புகள் தெரிகின்றன. ஆகஸ்டில் மாற்றி, லிட்டில் டப்பில் ஒரு முறை இறங்கிச் சோதித்துவிட்டுத்தான் போவேன்.